இரவற் கண்

எட்டியாந்தோட்டை நகரிலிருந்து மலைப்பக்கமாக ஏறும் பாதைகளுள் ஒன்று, றப்பர் மரங்களினூடே வளைந்து வளைந்து சென்று, தேயிலைச் சரிவொன்றின் அடியில் முடிகின்றது. அங்குள்ள தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு 2023ஆம் ஆண்டு முதன்முறையாக லேசர் ஒளியமைப்பு வந்தது. இளைஞர்கள் லயம் லயமாகச் சென்று பணம் திரட்டியிருந்தார்கள். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குச் சென்ற பெண்கள் சிலர் கேட்டதற்கு மேலாகவே அனுப்பியிருந்தார்கள். கரகமும் காவடியும் பிரட்டுக்களத்தைத் தாண்டிய வேளையில் பச்சைக் கதிர்கள் இருளைப் பிளந்துகொண்டு மலைமுகட்டைத் தொட்டன. குழந்தைகள் ஆரவாரித்தனர். அக்கதிர்களுள் ஒன்று, கண்ணிமைப்பதற்கும் குறைந்த நேரம், கரகம் சுமந்தவரின் முகத்துக்கு நேரே நின்ற ஒரு கமராவின் வில்லைக்குள் நேராகப் புகுந்து வெளியேறியது.

கமராவைப் பிடித்திருந்தவர் அத்தோட்டத்திலேயே பிறந்தவர். எட்டியாந்தோட்டையில் சிறியதொரு படப்பிடிப்பு நிலையம் வைத்திருப்பவர். தோட்டத்தார் அவரை ‘ஸ்டூடியோ தம்பி’ என்பர். வயது நாற்பதை அணுகிய பின்னரும் அந்தத் ‘தம்பி’ அவரை விட்டுப் போகவில்லை. அன்றிரவு அவருக்கு ஒன்றுந் தெரியவில்லை. மறுநாட் காலை கணினித் திரையில் படங்களை விரித்தபோதுதான், மேலிருந்து கீழ்வரை மயிரிழை போன்றதொரு வெண்கோடு படங்களை ஊடறுத்து ஓடுவதைக் கண்டார். முதலில் வில்லையில் ஏதோ ஒட்டியிருப்பதாக எண்ணித் துடைத்தார். வில்லையை மாற்றிப் பார்த்தார். படங்கள் மாறின, கோடு மட்டும் இம்மியும் அசையவில்லை. அம்மனின் நெற்றியில் எவ்விடத்தில் விழுந்ததோ, அவ்விடத்திலேயே வாசற்படியில் படுத்திருந்த நாயின் முதுகிலும் விழுந்தது.

அந்தக் கமரா 2021ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. அவருடைய தாயார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருந்தது. வாங்கிய மறு ஆண்டிலேயே நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் ஓரளவு இறங்கியதாயினும், அதே கமராவைப் புதிதாக வாங்குவதென்பது அவரைப் பொறுத்தவரை நினைத்தும் பார்க்கவியலாத காரியமாயிற்று. கையிலோ மூன்று கலியாணங்களுக்கான முன்பணம். அவற்றுள் முதலாவதற்கு இருபது நாட்களே இருந்தன.

அவிசாவளை வழியாகக் கொழும்புக்குச் சென்றார். முன்னர் பிலிம் கமராக்களைப் பழுதுபார்த்துவந்த முதியவர் ஒருவர், பழைய கட்டடமொன்றின் மேல்மாடியில் இன்றும் தொழில் செய்துவருகிறார். இஸ்லாமியரான அப்பெரியவரைத் தொழிலில் உள்ள எல்லோரும் ‘நானா’ என்றே அழைப்பர். அவர் கமராவைத் திறந்து, தபால் முத்திரையினும் சற்றுப் பெரிதாக, நீலமும் பச்சையும் மாறிமாறி மின்னும் ஒரு தகட்டைக் காட்டினார். அதுவே சென்சர். பிலிம் இருந்த காலத்தில் பிலிம் இருந்த இடத்தில் இன்று இருப்பது அது.

“தம்பி, இதுதான் கண். இதுதான் எரிஞ்சு போயிருக்கு. மேல எழுதியிருக்கிற பேர் ஒருத்தன்ட. உள்ள இருக்கிற கண் வேற ஒருத்தன்ட.”

“அப்ப கண்ணு செஞ்சவங்ககிட்டயே ஒன்னு வாங்க முடியாதா நானா?”

“அவன் ஒங்களுக்கும் விக்க மாட்டான், எனக்கும் விக்க மாட்டான். பேர்க்காரனுக்குத்தான் விப்பான். அதுவும் ஆயிரக்கணக்கிலதான்.”

பெயர்க்காரரோ சென்சரைத் தனியே விற்பதில்லை. அதனைப் பொருத்திய முழுப் பகுதியையுமே மாற்றவேண்டும். அதற்கும் கமரா அவர்களுடைய பணிமனைக்கே போகவேண்டும். வில்லையிலிருந்து சென்சர் இருக்கும் தூரம் மயிரிழையின் ஒரு கூற்றளவு பிசகினாலும் படம் மங்கும் என்பதும், ஒவ்வொரு சென்சரிலும் பிறப்பிலேயே குருடாயிருக்கும் புள்ளிகளைக் கண்டு கமராவின் நினைவில் பதித்துவைக்கவேண்டும் என்பதும் அதற்குரிய நியாயங்கள். நியாயங்கள் சரியானவையே. ஆயினும் அவற்றின் மொத்தச் செலவு, கமரா வாங்கிய விலையின் பாதியைத் தாண்டியது.

பெரியவர் சொன்னதன் பொருள் விளங்கவேண்டுமாயின், அந்தத் தகடு செய்யும் தொழிலை முதலில் நோக்குதல் வேண்டும். கேகாலை மாவட்டத்து றப்பர் மலையில் பிறந்த ஒருவருக்கு இதனை விளக்குதல் கடினமன்று. பால்வெட்டும் மலையில் மரத்துக்கு ஒரு சிரட்டை கட்டப்பட்டிருக்கும். விடியலில் வெட்டிய காயத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சிரட்டையிற் சேரும். குறித்த நேரத்தில் சிரட்டைகள் வாளியிற் கவிழ்க்கப்பட்டு, பால் மடுவத்துக்குச் சென்று அளக்கப்படும். சென்சரும் இத்தகையதொரு மலையே. அதிலே சிரட்டைகள் 24 மில்லியன் இருக்கலாம். ஒளி சிலிக்கனில் விழுந்ததும் அங்கே இலத்திரன்கள் விடுபடுகின்றன. விடுபட்டவை அந்தந்தக் குழியிலே தேங்குகின்றன. ஷட்டர் மூடியதும் ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு தேங்கிற்று என்று அளந்து எண்ணாக மாற்றினால், அவ்வெண்களின் தொகுதியே படம். மழைநாளில் சிரட்டை நிரம்பி வழிவதுபோல, ஒளி மிகுந்தால் குழியும் நிரம்பி வழியும். மாப்பிள்ளையின் வேட்டியில் மடிப்பே தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிடுவது இதனாலேதான்.

அளக்கும் முறையில் இரண்டு வகை உண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் சிமித்தும் வகுத்த சி.சி.டி. என்னும் முறையில், வரிசையிலுள்ள சிரட்டைகள் யாவும் ஒரே வேளையில் தத்தம் பாலை அடுத்த சிரட்டைக்கு மாற்றும். இவ்வாறு நகர்ந்து நகர்ந்து வரிசையின் முடிவிலுள்ள அளவையிடத்தை ஒவ்வொன்றாக வந்தடையும். அதற்காக அவ்விருவருக்கும் 2009ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நொபெல் பரிசின் ஒரு பாதி பகிர்ந்தளிக்கப்பட்டது. மற்றையது, 1990களில் நாசாவைச் சேர்ந்த ஆய்வுகூடமொன்றில் எரிக் ஃபொசமும் அவர் குழுவினரும் நடைமுறைக்குக் கொண்டுவந்த சீமொஸ் முறை. இதிலே சிரட்டைக்குச் சிரட்டை ஒரு சிறு அளவுகோலே கட்டப்பட்டிருக்கும். அளந்த கணக்கு மட்டும் நிரலுக்கொரு பொதுத் தடத்தின் வழியே கீழிறங்கும். இன்றைய கமராக்களில் ஏறத்தாழ யாவற்றிலும் இருப்பது இதுவே. திருவிழா இரவில் லேசர் சுட்டது ஒரு சிரட்டையை மட்டுமன்று. அந்நிரலின் தடத்தையும் சுட்டுவிட்டது. ஆகவேதான் ஒரு புள்ளி குருடாவதற்குப் பதிலாக ஒரு கோடே குருடாயிற்று.

இந்தக் குழிகளுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி என்பதே தெரியும், என்ன நிறத்து ஒளி என்பது தெரியாது. கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர், 1976ஆம் ஆண்டு உரிமை பெற்ற முறையொன்றின்படி, குழிகளின் மேல் நிறக்கண்ணாடி வேய்ந்து இக்குறையை நீக்கினார். பாதிக் குழிகளுக்குப் பச்சை. மீதியில் சரிபாதி சிவப்பு, சரிபாதி நீலம். மனிதனின் கண் பச்சைப் பகுதியிலேயே நுணுக்கம் மிகக் காண்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. எத்திசை திரும்பினும் பச்சையாகவே இருக்கும் தோட்டத்துக்கு இது பொருத்தமான பங்கீடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி, அக்கண் யாருடையது என்ற வினாவுக்கு வரலாம். இரவற் கண் என்பது நேற்று முளைத்த வழக்கமன்று. 1975ஆம் ஆண்டு கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளராயிருந்த ஸ்டீவன் சாசன் கையிற் கிடைத்த உறுப்புக்களைக் கொண்டு முதலாவது இலக்கமுறைக் கமராவை ஆக்கியபோது, அதனுள் வைத்த சென்சர் ஃபெயார்சைல்ட் என்னும் பிறிதொரு நிறுவனத்தாருடையது. அகலத்தில் 100, உயரத்தில் 100, ஆக 10,000 புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள். பின்னர் கொடாக் தானே சென்சர் செய்யத் தொடங்கியது. 1991ஆம் ஆண்டு அது விற்பனைக்கு விட்ட தொழின்முறைக் கமராவிலோ உடல் நிக்கொனுடையது, கண் கொடாக்குடையது. ஜெர்மனியின் லைக்கா நிறுவனமும் 2006இலும் 2009இலும் வெளியிட்ட தன் புகழ்பெற்ற கமராக்களுக்குக் கொடாக்கிடமே கண் வாங்கியது. 2012இல் பெல்ஜியத்து நிறுவனமொன்று வரைந்த சென்சருக்கு மாறியது. கொடாக்கோ, பிறர்க்கெல்லாம் கண் விற்றபின் 2011இல் அந்தப் பிரிவையே விற்றுவிட்டு, 2012 சனவரியில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது.

யப்பானிய நிறுவனங்களின் நிலை வேறுவேறாக இருக்கின்றது. கெனன் 2000ஆம் ஆண்டிலிருந்தே தன் பெரிய கமராக்களுக்கான சீமொஸ் சென்சர்களைத் தானே வரைந்து வந்திருக்கின்றது. நிக்கொன் சில சென்சர்களைத் தானே வரைவதுண்டு; ஆனால் அவற்றை வார்த்தெடுக்கும் ஆலை அதற்கில்லை. பல கமராக்களுக்கு அது சொனியிடம் வாங்கியது, வேறிடத்தும் வாங்கியது. இவ்விவரங்களை நிறுவனங்கள் பெரும்பாலும் வாய்திறந்து சொல்வதில்லை. சில்லுகளைப் பிளந்து ஆராயும் கனேடிய நிறுவனமொன்று 2013ஆம் ஆண்டு நிக்கொன் டி5200 கமராவைத் திறந்து பார்த்தபோதுதான், உள்ளே தொஷிபாவின் சென்சர் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுள் தொஷிபாவும் தன் சென்சர் ஆலையைச் சொனிக்கே விற்றது. இதிலே நகைப்புக்குரியது ஒன்றுண்டு: சிலிக்கன் வட்டுக்களில் சுற்றுக்களை ஒளியால் அச்சிடும் பெரும் இயந்திரங்களைச் செய்து விற்கும் உலகின் மிகச் சில நிறுவனங்களுள் நிக்கொனும் ஒன்று. உரலைச் செய்து விற்றுவிட்டு, அரிசியை அயல்வீட்டில் இடித்து வாங்குவது போன்றதே இது.

சொனியின் நிலையோ இன்னும் விசித்திரமானது. 2006இல் கொனிக்கா மினொல்டாவின் கமராத் தொழிலை ஏற்றுக்கொண்டு, தன் வாடிக்கையாளர்களுக்கே அது போட்டியாளனுமாயிற்று. ஃபுஜிஃபில்ம், பென்ரக்ஸ், ஹாசல்பிளாட் முதலான பெயர்களைத் தாங்கிய கமராக்கள் பலவற்றில் அதன் கண்ணே இருக்கின்றது. கைத்தொலைபேசிகளையும் சேர்த்து நோக்குமிடத்து, உலகின் சென்சர் வாணிகத்தில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரே நிறுவனத்தின் கையில். ஏன் இவ்வாறு சிலர் கையில் ஒடுங்கிற்று எனின், ஆலை ஒன்றை நிறுவ வேண்டிய முதல் அத்துணை பெரிது. சென்சர் பெரிதாகுந்தோறும் இழப்பும் பெருகும். எட்டங்குலச் சிலிக்கன் வட்டொன்றிலிருந்து சிறிய அளவிலான சென்சர்கள் ஏறத்தாழ 200 பெறக்கூடிய இடத்தில், 35 மில்லிமீற்றர் பிலிமின் முழு அளவுக்குரியவை 20 மட்டுமே பெறலாம் என்று கெனன் ஒருமுறை விளக்கியிருந்தது. ஒரு தூசு விழின் முன்னதில் இருநூற்றில் ஒன்று போகும்; பின்னதில் இருபதில் ஒன்று போகும். ஆண்டுக்குச் சில இலட்சம் கமராக்கள் விற்கும் ஒருவர் தமக்கென ஆலை கட்டுவது, ஒரு ஏக்கர் கொழுந்துக்காகத் தொழிற்சாலை கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே நெற்றியிலுள்ள பெயர் வெறும் பொய் என்று முடிவுகட்டிவிடலாமா? ஆகாது. ஒரே மலையின் கொழுந்தை இரண்டு டீமேக்கர்கள் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தினால் இரண்டு விதமான தேநீரே கிடைக்கும். சென்சர் தருவது பச்சைக் கொழுந்தை மட்டுமே. எந்த மெல்லிய வடிகண்ணாடியை அதன்மேற் பதிப்பது, அளந்த எண்களைத் தோலின் நிறமாகவும் வானின் நிறமாகவும் எவ்வாறு பெயர்ப்பது, இருளில் எழும் மணல்மணலான கறையை எவ்வளவுக்குத் துடைப்பது என்பனவெல்லாம் பெயர்க்காரருடைய கைப்பக்குவம். ஒரே சென்சரைக் கொண்ட இரு கமராக்கள் ஒரே கலியாணப் பெண்ணின் கூறைச்சேலையை இரு சிவப்பாகக் காட்டும். அவ்வேற்றுமைக்குத் தரப்படும் விலையில் நியாயமுண்டு. ஆயின், பெயர் பெரிதாகவும் கண் பெயரற்றும் இருப்பதிலே நியாயமுண்டா என்பது வேறு வினா.

அவ்வினாவைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. சபரகமுவச் சரிவுகளில் விளையும் தாழ்நிலத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குச் சென்று, வேற்று நாட்டுத் தேயிலைகளுடன் கலந்து, வேற்றுப் பெயர்களோடு கடைகளில் அடுக்கப்படுவதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்கள். இரத்தினபுரிப் பக்கத்துக்குச் சென்றால் இன்னும் துலக்கமான சான்று உண்டு. ‘கெவுட’ என்று சிங்களத்தில் வழங்கும் பால்நிறக் கற்கள் ஒருகாலத்தில் பயனற்றவையெனக் கழிக்கப்பட்டன. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச் சென்று, கடும் வெப்பத்திலிட்டு நீலக்கற்களாக மாற்றினர். கல் பிறந்த குழி இரத்தினபுரியில். நீலம் பிறந்ததோ பாங்கொக்கின் உலையில்.

கொழும்பிலிருந்து திரும்பிய மாலை, படப்பிடிப்பாளர் தமது தாயாரிடம் நடந்ததைச் சொன்னார். கமராவுக்குள் இருப்பது பெயர்க்காரருடைய கண் அன்று என்பது அம்முதியவளுக்கு வியப்பாகத் தோன்றவில்லை. அவளுக்கு அத்தகைய கண்ணொன்றுடன் முன்னமே பழக்கமிருந்தது.

தாழ்நிலத் தேயிலையில் காம்பு அதிகம். உலர்ந்தபின் இலை கருக்கும். காம்போ செம்மை பாய்ந்து நிற்கும். செங்காம்பு மிகுந்த தேயிலைக்கு ஏலத்தில் விலை விழும். ஆதலால் ஸ்டோரின் சலிக்கும் அறையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கருந்தேயிலைக் குவியலிலிருந்து காம்புகளைக் கையாற் பொறுக்குவர். படப்பிடிப்பாளரின் தாயார் பத்தொன்பது ஆண்டுகள் அவ்வரிசையில் இருந்தவள். கழுத்து வலிக்கும், தூள் மூக்கிலேறும். ஆயினும் மழையில்லை, அட்டையில்லை, சரிவில்லை. மலையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றப்படுவதைத் தோட்டத்துப் பெண்கள் ஒரு பேறாகவே கருதினர்.

பின்னர் ‘கலர் சோட்டர்’ வந்தது. மேலிருந்து சரிவான தகடுகளின் வழியே தேயிலை மெல்லிய அருவியாக இறங்கும். கண்ணாடிக்கு அப்பால், குழிகள் ஒற்றை வரிசையாக அமைந்த சென்சர்கள், விழுகின்ற ஒவ்வொரு துணுக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். செம்மை கண்ட கணத்தில் சிறு குழாயொன்று காற்றைச் சுடும். காம்பு அருவியை விட்டு விலகித் தெறிக்கும். யப்பானிலும் சீனத்திலும் ஐரோப்பாவிலும் இவ்வியந்திரங்கள் ஆகின்றன. செய்வோர் அவற்றின் கண்களைப் பெரும்பாலும் பிறரிடம் வாங்கியே பொருத்துகின்றனர். தொஷிபா போன்ற நிறுவனங்கள் இத்தகைய ஒற்றை வரிசைச் சென்சர்களை நெடுங்காலமாக விற்றுவந்தன. காம்பு பொறுக்கிய பெண்களில் எவரும் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை. அவர்கள் மீண்டும் மலைக்கு அனுப்பப்பட்டார்கள், அவ்வளவே. நாற்பத்தெட்டு வயதில் மீண்டும் கூடை தலையிலேறியது.

மலைக்குத் திரும்புவதற்கு முந்திய சில நாட்கள் அவள் அந்த இயந்திரத்தின் அருகே நின்றிருக்கிறாள். காலையில் அதனை இயக்குபவன் முதலில் செய்யும் வேலை, கண்ணாடியைத் துணியாற் துடைப்பது. தூசு படிந்தால் நல்ல இலையையும் காம்பென்று தள்ளிவிடும். “எங்க கண்ண நாங்களே தொடச்சிக்குவோம். அதுக்கு ஒருத்தன் தொடச்சி வுடணும்” என்று அவள் பிற்காலத்திலும் சொல்வதுண்டு. சொல்கையில் கசப்பு இராது. கமரா வாங்கச் சேமலாப நிதியை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான் என்பது நினைக்கத்தக்கது.

கொழும்புப் பெரியவரின் சொல் இன்னொரு பழைய புதிரையும் படப்பிடிப்பாளருக்கு அவிழ்த்துக் கொடுத்தது. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் முன்பு வைத்திருந்த கமராவை விற்றுவிட்டுப் புதியதொன்று வாங்கக் கருதிப் பணம் சேர்த்திருந்தார். எதிர்பார்த்த கமரா பிந்தும் என்றார் கடைக்காரர். யப்பானில் நிலநடுக்கம் என்றார். அந்தக் கமராவைப் பூட்டும் ஆலை யப்பானிலேயே இல்லையே என்று அவர் அப்போது மருண்டார். ஏப்ரல் 14ஆம் திகதியும் 16ஆம் திகதியும் கியூஷூத் தீவின் குமமொத்தோவை உலுக்கிய நடுக்கங்கள், அங்கிருந்த சொனியின் சென்சர் ஆலையை நிறுத்திவிட்டன. மே மாதத்திலிருந்தே அது படிப்படியாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைக்காலத்தில் நிக்கொன் உள்ளிட்ட நிறுவனங்கள் தம் புதிய கமராக்கள் பிந்துமென்று அறிவித்தன. ஒரு மலைக்கு ஒரே நீரூற்று இருந்து, அது வற்றினால் எல்லா லயங்களிலும் குடம் காயும். ஏழாண்டு கழித்தே இது அவருக்குப் புலனாயிற்று.

அதே மே மாதத்தின் 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் மலைகள் இடிந்தன. அரநாயக்கவில் கிராமங்கள் மண்ணுக்குள் போயின. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்துக் காம்பராக்கள் ஆட்களோடு புதையுண்டன. அதனை அடுத்த வாரங்களில் எட்டியாந்தோட்டைப் படப்பிடிப்பு நிலையத்துக்கு வந்தவர்கள் படம் எடுக்க வரவில்லை. படம் தேடி வந்தார்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தவை வீட்டோடு போய்விட்டன. “நீங்க எங்க பக்கத்துக் கலியாணத்துக்கெல்லாம் வந்தீங்களே தம்பி, எங்கயாவது நிப்பா, பாருங்க” என்றார் ஒருவர். அவர் தேடியது மனைவியை.

படப்பிடிப்பாளர் பழைய வன்தட்டுக்களை எடுத்து மூன்று இரவுகள் தேடினார். கலியாணப் படங்களில் தோட்டத்துப் பெண்கள் நடுவில் நிற்பதில்லை. மணமக்களுக்குப் பின்னால், தூண் மறைவில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பர். அந்தப் பெண்மணி ஒரு படத்தில் அகப்பட்டார், பந்தலின் கடைசி ஓரத்தில், பாதி திரும்பியபடி. பெரிதாக்கியபோது முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. எண்ணிப் பார்த்தால் அம்முகத்துக்கு வாய்த்திருந்தது அறுபது புள்ளி அகலமும் அதனிற் சற்றுக் கூடிய உயரமுமே. 1975இல் சாசனின் பெட்டி பதிந்த படத்தின் பாதியளவு. அதனை இயன்றவரை துலக்கி, மாலை போட்டுத் தொங்கவிடும் அளவில் அச்சிட்டுக் கொடுத்தார். கணவர் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்தால் சதுரங்கள் தெரிந்தன. தள்ளிப் பிடித்தால் மனைவி தெரிந்தார். தள்ளிப் பிடித்தபடியே வெளியே சென்றார்.

எதிர்பார்த்த புதிய கமரா நேரத்துக்கு வந்திருந்தாலும் அந்தப் படம் திருந்தியிருக்கப் போவதில்லை. அது அதற்கு முந்திய ஆண்டுகளில் எடுக்கப்பட்டது. இது அவருக்கும் தெரியும். எனினும் அன்றிலிருந்து, கலியாண வீடுகளில் மணமக்களை எடுத்து முடித்தபின், பந்தலின் ஓரங்களுக்குச் சென்று நிற்பவர்களை நிற்கிறவாறே நெருங்கி எடுப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். அவற்றுக்கு யாரும் பணம் தருவதில்லை. ஆல்பத்தில் அவை சேர்வதுமில்லை. வன்தட்டில் மட்டும் கிடக்கும். 2021இல் தாயாரின் பணத்தில் கூடுதலான புள்ளிகளைக் கொண்ட சென்சரைத் தேடி வாங்கியதற்கும் இதுவே முதற்காரணம். அந்தச் சென்சரின் மீதுதான் கோடு விழுந்தது.

இருபது நாட்களுக்குள் பழுது தீரவில்லை. ஷட்டர் உடைந்து கைவிடப்பட்ட, அதே வகைக் கமரா ஒன்று எவரிடமிருந்தாவது வந்தால், அதன் கண்ணை எடுத்து இதற்குப் பொருத்திப் பார்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அது வர ஆறு மாதமாகலாம், வராமலும் போகலாம். முதற் கலியாணத்தை அவிசாவளை நண்பரொருவரின் கமராவை இரவல் வாங்கி எடுத்து முடித்தார். அது வேறொரு பெயரைத் தாங்கியது; பொத்தான்கள் இடம் மாறியிருந்தன; முதல் அரைமணி நேரம் விரல் தடுமாறிற்று. கண் மட்டும் ஒரே ஆலையிலிருந்து வந்ததென்று பெரியவர் சொல்லிச் சிரித்தார்.

எஞ்சியது திருவிழாப் படங்கள். கோயிற் சபையாருக்கு அவற்றை ஆல்பமாகக் கொடுத்தாகவேண்டும். கணினியில் கோட்டை மறைக்க வழியிருந்தது. குருடான நிரலின் இருபுறமுமுள்ள நிரல்களிலிருந்து நிறத்தைக் கடன்வாங்கி, நடுவே இன்னதுதான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புதல். உண்மையில் எல்லாச் சென்சர்களும் பிறவிக் குருட்டுப் புள்ளிகளை இவ்வாறே மறைக்கின்றன. கமராவுக்குள் நடப்பதை எவரும் அறிவதில்லை. வானமும் இருளும் எளிதில் நிரம்பின. முகங்களில் கோடு விழுந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் கையாற் திருத்தவேண்டியிருந்தது. ஐந்து இரவுகள் சென்றன.

அச்சாகி வந்த ஆல்பத்தைச் சபையாரிடம் கொடுப்பதற்கு முன்னர் தாயாரிடம் கொடுத்தார். முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவள் காம்பராவின் வாசலில், வெளிச்சம் விழும் பக்கமாக அமர்ந்து, மடியில் ஆல்பத்தை விரித்து, தலையைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கரகம் சுமந்தவரின் படம் வந்ததும் கை நின்றது. சுட்டுவிரலைப் படத்தின் மேலே வைத்து, நெற்றி, மூக்கின் ஓரம், மார்பு என்று நேராகக் கீழே இறக்கினாள்.

“இதுலதானே இருந்துச்சு?” என்றாள்.